சிஎன்சி மெஷினை ஓட்ட மலிவான கம்ப்யூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது

சிஎன்சிக்கு, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானாக வெட்டும் மெஷினுக்கு, கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மோட்டார் டிரைவருக்குப் போகும் ஸ்டெப் பல்ஸை (மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மின்துடிப்பை) உருவாக்கப் போவது எது, கம்ப்யூட்டரா, தனி போர்டா? இதை முடிவு செய்துவிட்டால் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் போதுமா, ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் போதுமா, வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் ஆகுமா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

வழிகள் மூன்று. முதலாவது, கம்ப்யூட்டரே பேரலல் போர்ட் (பழைய பிரின்டர் போர்ட்) வழியாகப் பல்ஸ் அனுப்புவது. லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி, விண்டோஸில் ஓடும் மாக் 3 ஆகிய கட்டுப்பாட்டு மென்பொருள்கள் இப்படி ஓடும். இரண்டாவது, ஆர்டுயினோ உனோ போன்ற சின்ன போர்டில் ஜிஆர்பிஎல் (GRBL) என்ற கட்டுப்பாட்டு நிரல் ஓடும். கம்ப்யூட்டர் ஜி-கோடு வரிகளை (எங்கே, எந்த வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டளைகளை) யூஎஸ்பியில் அனுப்பினால் போதும். மூன்றாவது, ஈதர்நெட் அல்லது யூஎஸ்பி மோஷன் கார்டு. பல்ஸை கார்டு பார்த்துக்கொள்ளும், பாதையை கம்ப்யூட்டர் கணக்கிடும்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் மெஷினுக்கு நொடிக்கு எத்தனை பல்ஸ் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1.8 டிகிரி ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 வைத்தால், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 ஆகப் பிரித்தால், 1600. பால் ஸ்குரூ (சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் திருகு) ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தினால், ஒரு மி.மீ.க்கு 320 ஸ்டெப். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு 50 மி.மீ.; அதாவது 16,000 பல்ஸ், 16 கிலோஹெர்ட்ஸ்.

மைக்ரோஸ்டெப்பை 16 ஆக்கினால் அது 32 கிலோஹெர்ட்ஸ். உனோவில் ஓடும் ஜிஆர்பிஎல்லின் உச்சம் சுமார் 30 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அங்கேயே இடிக்கும். ஆகவே மைக்ரோஸ்டெப்பைத் தேவையில்லாமல் ஏற்றாதீர்கள். 8-லிருந்து 16-க்குப் போவதால் வெட்டும் துல்லியம் இரட்டிப்பாகிவிடாது. சர்வோ மோட்டார் என்றால் கதையே வேறு. சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று அமைத்து 3000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் 500 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். இதை எந்தக் கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட்டும் கொடுக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி. அங்கே மோஷன் கார்டுதான்.

ஜிஆர்பிஎல் என்றால் கவலை குறைவு

நேரம் பார்த்துப் பல்ஸ் அடிக்கும் வேலையெல்லாம் போர்டில் நடப்பதால் கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஜி-கோடு அனுப்பும் மென்பொருளான யூனிவர்சல் ஜிகோட் சென்டர் (Universal Gcode Sender) ஓடும். அது ஜாவாவில் எழுதியது, 2 ஜிபியில் திணறும். ராஸ்பெர்ரி பை 4 இருந்தால் அதே வேலை செய்யும் சிஎன்சிஜேஎஸ் மென்பொருளைப் போட்டுவிட்டு வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்து இயக்கலாம். பை வைப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஒன்று, 5 வோல்ட் 3 ஆம்பியர் தரமான பவர் அடாப்டர். செல்போன் சார்ஜர் போட்டால் வோல்ட் இறங்கி நடுவேலையில் யூஎஸ்பி அறுந்துபோகும். இரண்டு, மைக்ரோ எஸ்டி கார்டுக்குப் பதில் யூஎஸ்பி எஸ்எஸ்டி. கரண்ட் திடீரெனப் போகும்போது எஸ்டி கார்டில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போவது வாடிக்கை.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு ஒன்று உண்டு. வளைவான முப்பரிமாண வேலைகளில் மெஷின் விக்கி விக்கி ஓடும். உடனே வேகமான கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று யோசிக்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: கேம் (CAM) மென்பொருள், அதாவது வரைபடத்திலிருந்து ஜி-கோடு தயாரிக்கும் மென்பொருள், 0.1 மி.மீ. துண்டுகளாக வளைவைப் பிரித்து, 3000 மி.மீ. வேகம் கேட்டால் நொடிக்கு 500 வரி போக வேண்டும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உள்ள ஒரு வரி சுமார் 22 பைட். மொத்தம் 11,000 பைட். ஜிஆர்பிஎல்லின் 115200 பாட் சீரியல் இணைப்பு நொடிக்கு 11,520 பைட்தான் கடத்தும். குழாயே நிரம்பிவிட்டது, போதாததற்கு, அந்த வேகத்தில் வரிகளைப் படித்துத் திட்டமிட 16 மெகாஹெர்ட்ஸ் உனோவுக்கும் மூச்சு வாங்கும். கம்ப்யூட்டரை மாற்றி என்ன பயன்? கேமில் டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நேர்கோட்டுத் துண்டுகளுக்குப் பதில் ஜி2, ஜி3 வளைவு வரிகளாக வெளியிடச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் ஜிஆர்பிஎல்லின் 32 பிட் வடிவமான கிர்பல்ஹால் (grblHAL) ஓடும் டீன்சி 4.1 மாதிரி 32 பிட் போர்டுக்கு மாறுங்கள்.

பேரலல் போர்ட் வழி: கம்ப்யூட்டரின் உண்மையான பரீட்சை

இங்கேதான் பழைய டெஸ்க்டாப் நன்றாக உழைக்கும், இங்கேதான் ஏமாற்றவும் செய்யும். காரணம், பல்ஸ் அடிக்க வேண்டிய நேரத்தில் பிராசஸர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் பல்ஸ் தாமதமாகும். இந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர். மேலே போட்ட 16 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பல்ஸுக்கு இடையே 62.5 மைக்ரோநொடி. நடுவில் ஒரு பல்ஸ் 60 மைக்ரோநொடி தாமதமானால், மோட்டார் பாதி வேகத்துக்கு இறங்கியதுபோல் உணரும். அடுத்த பல்ஸோ அதன் முதுகிலேயே ஒட்டி வரும். ஸ்டெப்பர் அதைத் தாங்காது. உறுமலோடு நின்றுவிடும், அல்லது சத்தமில்லாமல் ஸ்டெப்பை விழுங்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, வேலை முடிந்து அளந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆகவே வாங்கும் முன்பே ஜிட்டரை அளக்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியின் ஐஎஸ்ஓ கோப்பை ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அது டெபியன் லினக்ஸ் மேல் வருகிறது, ஹார்ட் டிஸ்கில் எதுவும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். பழைய கம்ப்யூட்டர் விற்கிறவர் அரை மணி நேரம் கொடுத்தால் அங்கேயே பார்த்துவிடலாம். செய்முறை இது:

பென் டிரைவில் பூட் செய்து, லேட்டன்சி-ஹிஸ்டோகிராம் அல்லது லேட்டன்சி-டெஸ்ட் நிரலைத் திறங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரை நன்றாக அலைக்கழியுங்கள்: ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் (glxgears) என்ற கிராபிக்ஸ் சோதனை நிரலை மூன்று நான்கு ஜன்னல்களில் ஓட விடுங்கள், பெரிய கோப்பை நகலெடுங்கள், பிரவுசரைத் திறந்து மூடுங்கள், ஜன்னல்களை மவுஸால் பிடித்துத் திரை முழுக்க இழுங்கள், யூஎஸ்பி ஒன்றைச் செருகிப் பிடுங்குங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும்; வாங்கிய பிறகு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். பேஸ் த்ரெட்டின் (பல்ஸ் அடிக்கும் வேகமான சுற்றின்) அதிகபட்ச ஜிட்டரைப் படியுங்கள். அளவு நானோநொடியில் காட்டும்.

15,000 முதல் 20,000-க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 30,000 முதல் 50,000 என்றால் ஓடும், ஆனால் வேகம் குறையும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் பேரலல் போர்ட் வேலைக்கு ஆகாது. ஈதர்நெட் கார்டு போட்டால் அதே கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளலாம். பத்து லட்சம், அதாவது ஒரு மில்லிநொடியைத் தொட்டால் லினக்ஸ்சிஎன்சிக்கே அது வேண்டாம்.

எண் மோசமாக வந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஹைப்பர் த்ரெட்டிங், சி-ஸ்டேட், சி1இ, ஸ்பீட்ஸ்டெப், டர்போ ஆகியவற்றை அணையுங்கள். பிராசஸர் தூங்கி எழுந்து வேகம் மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரோநொடிகள் போகின்றன. ஒலி கார்டு, பயன்படாத சீரியல் போர்ட் இவற்றையும் நிறுத்தலாம். அடுத்து, கெர்னல் வரியில் ஐசோல்சிபியூஸ் (isolcpus) என்ற கட்டளையைச் சேர்த்து ஒரு கோரை ரியல்டைம் வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். கோர் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும். இரண்டு கோர் பிராசஸரில் 1, நான்கு கோரில் 3 என்று கொடுப்பது வழக்கம். இந்த ஒரே மாற்றத்தில் ஜிட்டர் பாதியாக இறங்கிய கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

ஜன்னலை இழுக்கும்போது மட்டும் எண் எகிறினால் சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமைப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் தொல்லை அது. சின்ன தனி கார்டு போட்டால் தீரலாம். ஆனால் என்விடியாவின் சொந்த டிரைவரை ரியல்டைம் கெர்னலில் போட முயலாதீர்கள், திறமூல டிரைவரே போதும். எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே, ஒரே சீரான இடைவெளியில் பெரிய துள்ளல் வருகிறதா? போர்டின் பயாஸே பின்னணியில் பிராசஸரைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பொருள். வெப்பநிலை, ஃபேன் வேகம் பார்ப்பது போன்ற வேலைகளுக்காக அப்படிச் செய்யும். அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்த கம்ப்யூட்டரைப் பாருங்கள்.

வேகமான பிராசஸர் என்றால் ஜிட்டர் குறையும் என்று நினைக்க வேண்டாம். இன்டெல் ஆட்டம் டி510, டி525 போர்டுகள் இன்றைய கணக்கில் ஆமைகள். இருந்தும் குறைந்த ஜிட்டருக்காக லினக்ஸ்சிஎன்சிக்காரர்கள் பல ஆண்டுகள் தேடித் தேடி வாங்கியது அவற்றைத்தான். விளையாட்டுக்கென்று கட்டிய விலையுயர்ந்த கம்ப்யூட்டர் இதே சோதனையில் தோற்பதும் உண்டு.

மாக் 3 வைத்திருப்பவர்களுக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம். அதன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். நடைமுறையில் எக்ஸ்பி அல்லது 32 பிட் விண்டோஸ் 7. 64 பிட் என்றால் மோஷன் கார்டு போட்டே ஆக வேண்டும். கெர்னல் வேகம் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்குங்கள், மாக் 3-யோடு வரும் டிரைவர் டெஸ்ட்டில் கோடு நேராக நின்றால் மட்டும் மேலே ஏற்றுங்கள். இவ்வளவு பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்கவே கூடாது.

போர்ட்டைப் பற்றி

யூஎஸ்பியிலிருந்து பேரலலாக மாற்றும் கேபிள் சிஎன்சிக்கு உதவாது. அது பிரின்டருக்குத் தரவை மொத்தமாகத் தள்ளுவதற்கானது; ஒவ்வொரு பின்னையும் குறித்த நேரத்தில் ஏற்றி இறக்க அதனால் முடியாது. போர்டிலேயே உள்ள 25 பின் போர்ட், இல்லையென்றால் பிசிஐ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, இந்த இரண்டுதான். சில போர்டுகளின் பின்புறம் போர்ட் தெரியாது, ஆனால் உள்ளே அதற்கான பின் வரிசை இருக்கும். ஒரு பட்டைக் கேபிள் போட்டு வெளியே எடுக்கலாம். திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளமைந்த போர்ட்டின் முகவரி வழக்கமாக ஹெக்ஸில் 378. தனி கார்டின் முகவரி அப்படி இருக்காது, ஸ்லாட்டை மாற்றினால் மாறவும் செய்யலாம். எங்கே இருக்கிறது என்று பார்த்து அமைப்பில் எழுத வேண்டும். பயாஸில் இபிபி முறை வைப்பது நல்லது. மல்டிமீட்டரால் ஒரு வெளியீட்டுப் பின்னை அளந்து பாருங்கள்: பழைய போர்ட்கள் 5 வோல்ட்டுக்கு அருகில் தரும், பிந்தையவை 3.3 வோல்ட்தான் தரும். 3.3 வோல்ட்டில் டிரைவரின் ஆப்டோ (சிக்னலை ஒளி வழியே கடத்தும் பாகம்) அரைகுறையாக ஒளிர்ந்து ஸ்டெப் தவறும். நடுவே பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சிப்) உள்ள பிரேக்அவுட் போர்டு, அதாவது போர்ட்டின் பின்களைத் தனித்தனி ஒயர் முனைகளாகப் பிரித்துத் தரும் போர்டு, வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு போர்ட்டில் 12 வெளியீடு, 5 உள்ளீடு. மூன்று அச்சுக்கு 6 வெளியீடு போய்விடும். மீதியில் ஸ்பிண்டில் (வெட்டும் டூலைச் சுழற்றும் மோட்டார்), கூலன்ட். லிமிட் ஸ்விட்ச், புரோப், எமர்ஜென்சி ஸ்டாப் என்று சேர்க்கச் சேர்க்க 5 உள்ளீடு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது பேரலல் போர்ட்டின் பின்கள் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். அப்போது டிரைவர்களுக்கும் ஸ்பிண்டில் ரிலேவுக்கும் கரண்ட் இருந்தால் ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பித்துவிடலாம். முதலில் கம்ப்யூட்டர், மென்பொருள் திறந்த பிறகு டிரைவர் சப்ளை. அணைக்கும்போது தலைகீழ் வரிசை. சார்ஜ் பம்ப் வசதியுள்ள பிரேக்அவுட் போர்டு இதைத் தானே கவனித்துக்கொள்ளும்: மென்பொருளிடமிருந்து தொடர் துடிப்பு வரும்வரை எதையும் இயங்க விடாது. ஆனாலும் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் டிரைவர், ஸ்பிண்டில் சப்ளையை ஒயர் வழியே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். தொங்கிப்போன கம்ப்யூட்டரிடம் போய் நிறுத்தச் சொல்லும் பட்டன் எதற்கு?

ஈதர்நெட் கார்டு போட்டால்

மெசா 7ஐ96எஸ், 7ஐ76இ போன்ற கார்டுகளை லினக்ஸ்சிஎன்சியோடு இணைத்தால் பல்ஸ் கவலை தீர்ந்தது; கம்ப்யூட்டர் மில்லிநொடிக்கு ஒருமுறை கார்டோடு பேசினால் போதும். 50, 60 மைக்ரோநொடி ஜிட்டர் இங்கே பொருட்டே அல்ல. ஸ்லாட்டே இல்லாத கையடக்க மினி கம்ப்யூட்டரும் தாராளமாகப் போதும். ஆனால் நெட்வொர்க் சிப்பைக் கவனியுங்கள். பதில் ஒரு மில்லிநொடிக்குள் திரும்பாவிட்டால் வாசிப்புப் பிழை வந்து மெஷின் நின்றுவிடும். இன்டெல் சிப் என்றால் ஈத்டூல் (ethtool) கட்டளை மூலம் ஆர்எக்ஸ்-யூசெக்ஸ் (rx-usecs) மதிப்பை 0 ஆக்குங்கள். இல்லையேல் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துத் தாமதமாகத் தரும். கார்டையும் கம்ப்யூட்டரையும் நேரடிக் கேபிளால் இணையுங்கள், நடுவே ரூட்டரோ ஸ்விட்சோ வேண்டாம். கார்டு 10.10.10.10 என்றால் கம்ப்யூட்டருக்கு 10.10.10.1 என்று நிலையான முகவரி. இருப்பது ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட் என்றால் அது கார்டுக்குத்தான், இணையத்துக்கு வேறு வழி பாருங்கள்.

யூசி300ஈடிஎச், ஈதர்நெட் ஸ்மூத்ஸ்டெப்பர் வகைக் கார்டுகள் கட்டளைகளைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்வதால் சாதாரண விண்டோஸிலேயே ஓடும். கம்ப்யூட்டர் தேர்வில் இதுதான் மிகச் சுலபமான வழி. மிச்சம் பிடித்த பணம் கார்டுக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழையது வாங்கும்போது

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற அலுவலக டெஸ்க்டாப்கள் கூட்டமாக விற்பனைக்கு வரும். நான்காம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5, 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, இது போதும். முப்பரிமாண முன்காட்சி வேண்டுமென்றால் 8 ஜிபி. ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், மெஷின் அதிர்வு அதற்கு ஆகாது. ஒல்லியான கேஸில் பாதி உயரக் கார்டு மட்டுமே பொருந்தும்; பேரலல் கார்டோடு சின்ன பிராக்கெட் வருகிறதா என்று கேளுங்கள். மூடியைத் திறந்து கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிஆர்2032 பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். பழையது தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். நீங்கள் அணைத்து வைத்த சி-ஸ்டேட் மறுபடி உயிர்பெறும். நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷின் இன்று ஸ்டெப் தவறுகிறது என்றால் இதையும் ஒருமுறை பாருங்கள்.

லேப்டாப்பைப் பேரலல் வழிக்கு நினைக்கவே வேண்டாம், மின்சிக்கனத்துக்காகவே கட்டப்பட்டது அது. ஜிட்டர் தாறுமாறாக இருக்கும். ஜிஆர்பிஎல்லுக்கு நல்லது.

ஸ்பிண்டில் ஓடியதும் யூஎஸ்பி அறுந்தால்

விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) ஓட்டும் ஸ்பிண்டில் வைத்தவர்களின் நிரந்தரப் புலம்பல் இது. கம்ப்யூட்டர் மேல் பழி போடும் முன், கேபிளை ஒன்றரை மீட்டருக்குள் சுருக்கி, ஷீல்டு உள்ளதாக, ஃபெரைட் வளையத்தோடு மாற்றுங்கள். விஎஃப்டியிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் ஒயரும் ஷீல்டு ஒயராக இருந்து, எர்த் சரியாகக் கட்டியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பாதையில் ஒட்டி இழுக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்: கோளாறு நின்றுவிட்டால் எர்த் வழியாக வளையம் உருவாகியிருக்கிறது, யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டால் தீரும். ஈதர்நெட்டில் இந்தத் தொல்லை குறைவு, போர்ட்டுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவைக்கிறது.

விண்டோஸில் ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் மூன்றையும் அணையுங்கள். தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துங்கள், நாலு மணி நேர வேலையின் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் பலகை போச்சு. ஜி-கோடு கோப்பை பென் டிரைவிலிருந்தே ஓட்டாமல் உள்ளே நகலெடுத்து ஓட்டுங்கள். கேம் வேலைக்கு வேறு கம்ப்யூட்டர்.

வைக்கும் இடமும் முக்கியம். மரத்தூள் ஃபேனை அடைக்கும். அலுமினியத் துகளும் கார்பன் ஃபைபர் தூசும் மின்சாரம் கடத்தும், போர்டில் படிந்தால் ஷார்ட். ஃபேன் இல்லாத மினி கம்ப்யூட்டர் இங்கே தன் விலையை மீட்டுக்கொடுக்கும். கம்ப்யூட்டரை விஎஃப்டி இருக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், மென்பொருளோ நகர்ந்துகொண்டே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். திரையில் தெரியும் இடத்தை நம்பாமல் ஹோமிங் செய்துவிட்டு (அச்சுகளைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய் இடத்தை மறுபடி நிர்ணயித்துவிட்டு) தொடருங்கள்.

எல்லாம் இணைத்தபின் கடைசிச் சோதனை. அச்சின் ஓரத்தில் டயல் கேஜ் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். டூல் இல்லாமல், நூற்றுக்கணக்கான முறை திசை மாறும் ஒரு நிரலை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, பூஜ்யத்துக்குத் திரும்ப விடுங்கள். முள் அங்கேயே நின்றால் சரி. எப்போதாவது, கணிக்க முடியாதபடி விலகினால் ஜிட்டர், இரைச்சல், மிகையான ஆக்சிலரேஷன் இவற்றில் ஒன்று. ஒரே பக்கமாக, திசை மாற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலகல் வளர்ந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி: ஸ்டெப் பல்ஸின் போலாரிட்டி (எது ஏற்றம், எது இறக்கம் என்பது) தலைகீழாக அமைந்திருக்கிறது, அல்லது திசை சிக்னலுக்கும் பல்ஸுக்கும் இடையே டிரைவர் கேட்கும் இடைவெளி கொடுக்கவில்லை. டிஎம்542 வகை டிரைவர் அதற்கு 5 மைக்ரோநொடியும், பல்ஸ் அகலமாக 2.5 மைக்ரோநொடியும் கேட்கும். உங்கள் டிரைவரின் தாளைப் பார்த்து எண்ணை மாற்றி, அதே நிரலை மறுபடி ஓட்டுங்கள்.